செய்ன் நதிக்கரையில் ஓவியர்களின் வீடுகளும் அருங்காட்சியகங்களும்: பாரிஸிலிருந்து கடல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஸிலிருந்து மேற்கே கடலை நோக்கிச் செல்லும் செய்ன் நதி நேராகப் போவதில்லை. பெரிய வளைவுகளாகச் சுற்றி, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தைத் தொட்டு, வெர்னோன், ரூவான் ஆகிய ஊர்களைக் கடந்து, லு ஆவ்ர் துறைமுகத்துக்கும் ஓன்ஃப்ளர் என்ற சிற்றூருக்கும் நடுவே கடலில் கலக்கிறது. 777 கிலோமீட்டர் நீளமுள்ள நதியின் இந்தக் கடைசிப் பகுதியிலும் அதன் கிளையாறுகளின் கரைகளிலும்தான், பின்னாளில் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர் பெற்ற ஓவியர்கள் வாடகை வீடு பிடித்தார்கள், கடன் வாங்கினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், திறந்தவெளியில் நின்று படம் வரைந்தார்கள். அவர்களுடைய வீடுகளில் பல இன்று பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றன.

இந்தப் பயணத்தைத் திட்டமிடும் எவரும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஓவியரின் வீட்டில் அவருடைய அசல் ஓவியங்கள் பெரும்பாலும் இருக்காது. ஜிவெர்னி கிராமத்தில் ஓவியர் மோனேயின் கூடத்துச் சுவர் முழுவதும் தொங்குபவை அச்சுப்படிகளே. ஓவேர் கிராமத்தில் வான் கோ இறந்த அறையில் ஒரு படமும் இல்லை. அசல்கள் பாரிஸ், ரூவான், லு ஆவ்ர் அருங்காட்சியகங்களிலும், கடல் கடந்து அமெரிக்காவிலும் இருக்கின்றன. வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஒரு அழகான தோட்டம் நினைவில் நிற்கும். அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்தால் சட்டமிட்ட படங்கள் நினைவில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டையும், அங்கே பிறந்த ஓவியங்கள் இருக்கும் அருங்காட்சியகத்தோடு இணைத்துப் பார்ப்பதே இந்த வழிகாட்டியின் முறை. ஓவியத்தை முதலில் பார்த்து, அதன் பிறகு இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படத்தில் கண்ட வளைவையும் கரையையும் மரத்தையும் நேரில் தேடும்போதுதான் ஓவியர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பது கண்ணில் படும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

ஜிவெர்னியில் உள்ள மோனேயின் வீடும் தோட்டமும் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரை மட்டுமே திறந்திருக்கும். ஓவேரில் வான் கோ தங்கிய விடுதியும் குளிர்காலத்தில் மூடப்படும். ஆகவே பயணம் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் அமைய வேண்டும். மே மாதத்தில் மோனேயின் ஜப்பானியப் பாலத்தின் மேல் விஸ்டீரியா கொடி பூத்துத் தொங்கும். அல்லிப் பூக்களோ ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் குளத்தில் நிறைந்திருக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க இயலாது. செப்டம்பர் மாதத்தை நான் பரிந்துரைப்பேன்: அல்லி இன்னும் இருக்கும், கோடை விடுமுறைக் கூட்டம் குறைந்திருக்கும், செய்ன் பள்ளத்தாக்கில் காலைப் பனிமூட்டமும் தொடங்கியிருக்கும்.

கிழமைக் கணக்கு மாதக் கணக்கை விட முக்கியமானது. பாரிஸில் ஓர்சே, மார்மொத்தான் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. ஒராஞ்சரிக்குச் செவ்வாய் விடுமுறை. ரூவான் நுண்கலை அருங்காட்சியகமும் ஓன்ஃப்ளரின் பூதான் அருங்காட்சியகமும் செவ்வாயன்று மூடியிருக்கும். லு ஆவ்ரின் மூமா அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும். ஜிவெர்னி வீடு மட்டும் பருவம் முழுவதும் எல்லாக் கிழமையும் திறந்திருக்கும். இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வழியை அமைத்தால் பின்வரும் வரிசை இயல்பாகவே கிடைக்கும்: வியாழன் மாலை ஓர்சே, வெள்ளி மார்மொத்தான், சனி ஓவேர், ஞாயிறு ஷாத்துவும் அர்ஜாந்தேயும், திங்கள் வெர்னோனுக்குப் பயணம், செவ்வாய் ஜிவெர்னி, புதனும் வியாழனும் ரூவான், வெள்ளி லு ஆவ்ர், சனி ஓன்ஃப்ளர், ஞாயிறு பாரிஸ் திரும்பி ஒராஞ்சரி. சிறிய இடங்களின் நேரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை என்பதால், கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விடுமுறைக் காலத்தில் நேர்காணல் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், செப்டம்பர் பயணத்துக்கு மே மாதத்திலேயே ஆவணங்களைத் தயார் செய்யத் தொடங்குங்கள்.

முதல் கட்டம்: பாரிஸில் கண்ணைப் பழக்குதல்

ஓர்சே அருங்காட்சியகம் 1900-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட ரயில் நிலையம். 1986இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வியாழக்கிழமைகளில் இரவு 9.45 வரை திறந்திருப்பதால் மாலை 6 மணிக்கு மேல் நுழைவது நல்லது. இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்கள் மேல் தளத்தில் உள்ளன. எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். பின்னால் போகவிருக்கும் ஊர்களின் படங்களை மட்டும் தேடிப் பாருங்கள்: மோனே அர்ஜாந்தேயில் 1873இல் வரைந்த பாப்பிப் பூ வயல், செசான் ஓவேரில் வரைந்த "தூக்கிட்டவனின் வீடு", வான் கோ வரைந்த ஓவேர் தேவாலயமும் அவரைக் கவனித்த மருத்துவர் காஷேயின் உருவப்படமும், மோனேயின் ரூவான் தேவாலயப் படங்கள் ஐந்து. தேவாலயப் படங்களின் முன் அதிக நேரம் செலவிடுங்கள். ஒன்று நீலம், ஒன்று பழுப்பு, ஒன்று வெயிலில் வெளுத்த பொன். கல் ஒன்றே, நேரம்தான் வேறு. அருகே போனால் வண்ணம் காரைபோலத் தடித்து, சொரசொரப்பாக அப்பியிருப்பது தெரியும். நான்கைந்து அடி பின்வாங்கினால் அதே சொரசொரப்பு செதுக்கிய கல்லாக எழுந்து நிற்கும்.

இந்த அருங்காட்சியகத்தின் கருவான தொகுப்பு ஓர் ஓவியரின் கொடை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வசதியான குடும்பத்தில் பிறந்த குஸ்தாவ் கயிபோத், யாரும் வாங்காத காலத்தில் நண்பர்களின் படங்களை வாங்கிச் சேர்த்து, அவற்றை அரசுக்கு உயில் எழுதி வைத்து 1894இல் இறந்தார். நீண்ட இழுபறிக்குப் பிறகு அரசு சுமார் 40 படங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. ரெனுவாரின் புகழ்பெற்ற "மூலென் த லா கலெத்" நடனப் படம் அவற்றுள் ஒன்று. கயிபோத்தின் குடும்பம் கோடையைக் கழித்த வீடு, செய்னில் கலக்கும் யேர் ஆற்றின் கரையில் பூங்காவோடு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாள் கூடுதலாக இருப்பவர்கள் ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயிலில் யேர் நிலையத்துக்குப் போய் அதையும் பார்க்கலாம்.

மார்மொத்தான் அருங்காட்சியகம் நகரின் மேற்கு ஓரத்தில் ஒரு மாளிகையில் இருக்கிறது. மோனேயின் இளைய மகன் மிஷேல் 1966இல் இறந்தபோது தந்தையிடமிருந்து வந்த ஓவியங்களை இதற்கு விட்டுச் சென்றார். கீழ்த்தளத்தில் உள்ள ஜிவெர்னிப் படங்களில், கண்புரை மூடிய காலத்தில் மோனே வரைந்த ஜப்பானியப் பாலங்களைப் பாருங்கள். செம்மையும் பழுப்பும் குழம்பி, பாலம் எங்கே, நீர் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இங்கேதான் "இம்ப்ரெஷன், சூரிய உதயம்" என்ற படமும் இருக்கிறது. 1872 என்று தேதியிடப்பட்டு, 1874இல் பாரிஸில் நடந்த குழுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்தப் படத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்ற விமர்சகர் ஏளனமாக எழுதிய சொல்லே இந்த ஓவியர்களின் பெயராக நிலைத்தது. 1985இல் களவு போன படம் இது. 1990இல் கோர்சிகா தீவில் மீட்கப்பட்டது. அதில் காணப்படும் துறைமுகத்தின் கரையில் இப்பயணத்தின் பிற்பகுதியில் நீங்கள் நிற்பீர்கள். ஆகவே கிரேன்களின் நிழலுருவும், சிறு படகும், சிவப்பு வட்டமும் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டம்: உவாஸ் ஆற்றங்கரையில் ஓவேர்

உவாஸ், செய்னின் கிளையாறு. அதன் கரையில் உள்ள ஓவேர்-சூர்-உவாஸ் கிராமத்துக்குக் கோடைப் பருவத்தின் வார இறுதிகளில் பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து நேரடி ரயில் உண்டு. மற்ற நாட்களில் இடையில் வண்டி மாற வேண்டும். சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கச் சொன்னது அதனால்தான். கார் து நோரிலிருந்து நடக்கும் தொலைவில் லா சப்பல் இருக்கிறது. ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக உள்ள அந்தத் தெருவில் காலையில் இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவது சைவ உணவுக்காரர்களுக்குப் பேருதவி.

வான் கோவுக்கு முன்பே இந்த ஊர் ஓவியர்களின் ஊராகிவிட்டது. அதற்குக் காரணம் ஷார்ல் தோபின்யி. 1857இல் ஒரு படகை வாங்கி, அதன் மேல் மரக் கூண்டு கட்டி, அதிலேயே தங்கி உவாஸிலும் செய்னிலும் மிதந்துகொண்டு வரைந்தவர் அவர். நீர்மட்டத்திலிருந்து கரையைப் பார்க்கும் கோணம் பிரெஞ்சு ஓவியத்தில் ஊன்றியதற்கு அந்தப் படகுக்குப் பெரும் பங்குண்டு. மோனே பின்னர் அர்ஜாந்தேயில் தாமும் ஒரு படகுக் கூடத்தை அமைத்துக்கொண்டார். ஓவேரில் தோபின்யி கட்டிய வீடும் கூடமும் இன்றும் பார்வைக்கு உள்ளன, நான் மேலே சொன்ன விதிக்கு விலக்காக, இங்கே ஓவியங்கள் சுவரிலேயே இருக்கின்றன. ஓவிய நண்பர் கோரோவின் வரைவுகளைக் கொண்டு தோபின்யி குடும்பத்தினர் தீட்டிய பெரிய நிலக்காட்சிகள் கூடத்தை நிறைக்கின்றன. மகள் செசிலின் படுக்கையறைச் சுவரில் தந்தை வரைந்த கதைக் காட்சிகளைத் தவறவிடாதீர்கள். வான் கோவைத் தேடி வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் இந்த வீட்டுக்குள் நுழைவதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

வான் கோ 1890 மே 20 அன்று இங்கே வந்து, ஜூலை 29 அன்று இறந்தார். எழுபது நாட்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். அவர் தங்கிய ராவூ விடுதியின் மாடியில் 5-ஆம் எண் அறை, சுமார் 7 சதுர மீட்டர். கூரைச் சரிவில் ஒரு சிறு சாளரம். தற்கொலை செய்துகொண்டவர் இறந்த அறை என்பதால் அதன் பின் யாருக்கும் வாடகைக்கு விடப்படவில்லை. இன்றும் அது வெறுமையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து அறையில் அப்போது தங்கியிருந்த டச்சு ஓவியர் ஹிர்ஷிக்கின் அறை மட்டும் கட்டிலோடு அக்கால முறையில் அமைக்கப்பட்டுள்ளது. ஒரே நேரத்தில் சிலரைத்தான் மேலே அனுப்புவார்கள்.

விடுதியிலிருந்து கிளம்பி, தேவாலயத்தின் பின்புறத்தைப் பார்த்து, வயல்வெளி வழியாக இடுகாட்டுக்கு ஏறுவதே சரியான வரிசை. வான் கோ வரைந்த இடங்களில் ஊராட்சி அந்தந்த ஓவியத்தின் அச்சுப்படியைப் பலகையில் நிறுத்தியிருக்கிறது. தேவாலயப் பலகையின் அருகே நின்று ஓர்சேயில் பார்த்ததை நினைவுபடுத்துங்கள். கட்டடம் நேராக, அமைதியாக நிற்கிறது. கூரையின் நெளிவும், வானத்தின் கருநீலமும் ஓவியருடையவை. இடுகாட்டின் மதிலோரம் வின்சென்ட், தியோ என்ற இரு சகோதரர்களின் கல்லறைகளும் ஒரே ஐவிக் கொடியால் மூடப்பட்டுக் கிடக்கின்றன. தியோ ஆறு மாதங்களில், 1891 ஜனவரியில் ஹாலந்தில் இறந்தார். 1914இல்தான் அவருடைய எச்சங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. திரும்பும் வழியில் நேரமிருந்தால், மேற்கு ஓரத்தில் மருத்துவர் காஷேயின் வீட்டையும் தோட்டத்தையும் பார்க்கலாம்.

மூன்றாம் கட்டம்: ஷாத்து, அர்ஜாந்தேய்

1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணத்தைத் தகரக் குழாயில் அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குச் சற்று முன், 1837இல், பாரிஸிலிருந்து மேற்குப் புறநகருக்கு முதல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. வண்ணம் பைக்குள் வந்ததும், ஆறு அரை மணி நேரத் தொலைவுக்கு வந்ததும் ஒரே தலைமுறையில் நடந்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிஸ்காரர்கள் படகோட்டவும் நீந்தவும் இங்கே குவிந்தார்கள். ஓவியர்களும் அவர்களோடு வந்தார்கள். 1869இல் மோனேயும் ரெனுவாரும் அருகருகே நின்று வரைந்த "லா கிரனுயேர்" என்ற மிதக்கும் உணவகம் இந்தப் பகுதியில்தான் இருந்தது.

ஷாத்துவுக்கு ஆர்.இ.ஆர். ஏ ரயிலில் வந்து, ரூயெய்-மல்மேசோன் நிலையத்தில் இறங்கி, பாலத்தின் நடுவே தீவுக்கு இறங்கினால் ஃபூர்னேஸ் உணவக வீட்டை அடையலாம். 1880-81இல் ரெனுவார் "படகோட்டிகளின் மதிய விருந்து" என்ற பெரிய ஓவியத்தை இந்த வீட்டின் மாடத்தில் வைத்து வரைந்தார். வலப்பக்க முன்புறத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பவர் கயிபோத். இடப்பக்கம் நாய்க்குட்டியோடு கொஞ்சுபவர் ரெனுவார் பின்னாளில் மணந்த அலீன். அசல் 1923 முதல் வாஷிங்டனில் இருப்பதால் நல்ல அச்சுப்படி ஒன்றைக் கைபேசியில் வைத்துக்கொண்டு வாருங்கள். மாடத்தின் இரும்புக் கம்பிவேலி படத்தில் எந்தக் கோணத்தில் சரிந்து போகிறது என்று ஒப்பிடலாம். வீட்டில் ஒரு சிறிய அருங்காட்சியகமும் உணவகமும் இயங்குகின்றன. பக்கத்துக் கட்டடத்தில் 1900ஆம் ஆண்டையொட்டி தெரேன், விளமிங்க் என்ற இரு ஓவியர்கள் பகிர்ந்துகொண்ட ஓவியக்கூடம் இருந்தது.

அர்ஜாந்தேயில் மோனே 1871 முதல் 1878 வரை வாழ்ந்தார். அவருடைய இரண்டாவது வீடு ரயில் நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது. அண்மை ஆண்டுகளில் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டுள்ளது. வீடு எளியது, ஆனால் ஓவியர் எவ்வளவு சாதாரணமான புறநகர்த் தெருவில் குடியிருந்தார் என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும். ஆற்றங்கரையில் பாய்மரப் படகுகளை எதிர்பார்க்க வேண்டாம். இன்று அங்கே வாகனங்கள் விரையும் பெரிய சாலை ஓடுகிறது. அர்ஜாந்தேய்க்கு அரை நாளே போதும்.

நான்காம் கட்டம்: ஜிவெர்னி

வெர்னோனுக்குப் பாரிஸின் சேன்-லசார் நிலையத்திலிருந்து ரயில். சுமார் ஒரு மணி நேரம். 1877இல் மோனே புகையும் இரும்புமாக வரைந்த நிலையம் அதுதான் என்பதால் நடைமேடையில் ஒரு நிமிடம் நின்று, மேலே முக்கோணக் கண்ணாடிக் கூரையைப் பாருங்கள். பெரும்பாலோர் காலையில் பாரிஸிலிருந்து வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அதனால் 11 மணிக்கு ஜிவெர்னியில் நிற்க இடமிருக்காது. முந்தின நாளே வந்து வெர்னோனில் தங்கி, திறக்கும் நேரத்துக்கான நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு, பூட்டுத் திறக்கும்போது வாசலில் நிற்பதே இந்த இடத்துக்கு நியாயம் செய்யும் வழி. வெர்னோனிலிருந்து சிற்றுந்து உண்டு. மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு அதைவிட நல்ல வழியாக, கைவிடப்பட்ட பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட பாதை ஆற்றோரமாகச் செல்கிறது.

அந்த ரயில் தடத்துக்கு மோனேயின் கதையில் இடமுண்டு. 1883இல் பெரிய குடும்பத்தோடு இங்கே வாடகைக்கு வந்த அவர், 1890இல் வீட்டை விலைக்கு வாங்கினார். 1893இல் சாலைக்கும் ரயில் பாதைக்கும் அப்பால் ஈர நிலம் ஒன்றை வாங்கி, எப்ட் ஆற்றின் கால்வாயிலிருந்து நீரைத் திருப்பிக் குளம் அமைக்க அனுமதி கேட்டார். வெளிநாட்டுச் செடிகள் நீரைக் கெடுத்து மாடுகளுக்குத் தீங்கு செய்யும் என்று ஊரார் எதிர்த்தார்கள். மோனே மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்றார். அப்போதுதான் புதிதாகக் கலப்பினம் செய்யப்பட்டுவந்த வண்ண அல்லிகள் லத்தூர்-மர்லியாக் பண்ணையிலிருந்து வந்தன. இலைகளில் படிந்த தூசியைக் கழுவவும் உதிர்ந்தவற்றை நீக்கவும் தினமும் படகில் இறங்க ஒரு தோட்டக்காரர் இருந்தார்; சாலைத் தூசி குளத்தில் விழாதிருக்கத் தார் போடும் செலவையும் ஓவியர் ஏற்றார். அல்லிக்குளம் இயற்கையாக அமைந்தது என்று நினைத்து வருபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கித்தானில் தீட்டும் முன் அவர் நிலத்திலேயே ஒரு படத்தை அமைத்தார்.

நுழைந்தவுடன் வீட்டுப் பக்கம் திரும்பாதீர்கள். சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கவழியாக நேரே குளத்துக்குப் போங்கள். முதல் அரை மணி நேரத்தில் பாலத்தின் மேல் கூட்டமிருக்காது. காற்றும் எழுந்திருக்காது என்பதால் நீர்ப்பரப்பில் மேகமும் வில்லோ மரமும் கலையாமல் தெரியும். பாலத்தில் நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல், குளத்தை முழுதாக ஒருமுறை சுற்றி, பாலத்துக்கு எதிர்முனையில் குனிந்து, கண் நீர்மட்டத்துக்கு அருகே வரும்படி பாருங்கள். கரை மறைந்து, வானம் கீழே போய்விடும். மோனேயின் பிற்கால அல்லிப் படங்களில் அடிவானக்கோடு ஏன் இல்லை என்பதற்கு விடை அந்தக் கோணத்தில் இருக்கிறது.

பிறகு வீடு. சாப்பாட்டறை இரண்டு விதமான மஞ்சளில் தீட்டப்பட்டிருக்கிறது: சுவர் ஒரு மஞ்சள், அலமாரிகளும் நாற்காலிகளும் வேறொரு மஞ்சள். அதை ஒட்டிய சமையலறையில் நீலவெள்ளை ரூவான் ஓடுகள், செம்புப் பாத்திரங்கள். சுவர்களில் தொங்கும் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகள் மோனே சேர்த்தவை. 200க்கும் அதிகமாக உள்ள இவையே இந்த வீட்டில் பார்க்க வேண்டிய உண்மையான கலைத் தொகுப்பு. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் பாலங்களைத் தேடிப் பாருங்கள், சற்று முன் நீங்கள் நின்ற பாலத்தின் முன்மாதிரி அங்கே இருக்கிறது. வெளியேறும் வழியில் உள்ள பெரிய கடையை வெறும் கடை என்று கடந்துவிட வேண்டாம். முதல் உலகப்போர்க் காலத்தில் மிகப் பெரிய அல்லிப் பலகங்களுக்காகவே மோனே கட்டிய ஓவியக்கூடம் அது. கூரைக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தால் விளங்கும்.

வீடும் தோட்டமும் இன்றிருக்கும் நிலைக்குத் தானாக வந்தவை அல்ல. மிஷேல் மோனே இறந்தபோது குளம் தூர்ந்து, கூரை சிதைந்து கிடந்தது. 1977இல் தொடங்கிய சீரமைப்பு 1980இல் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தது. அதே தெருவில் 2009இல் திறக்கப்பட்ட இம்ப்ரெஷனிச அருங்காட்சியகமும், அமெரிக்க ஓவியர்கள் குழுவாகத் தங்கிய போதி விடுதியும் உள்ளன. தெருவின் மறுமுனையில் தேவாலய முற்றத்தில் மோனேயின் குடும்பக் கல்லறை. அவர் 1926 டிசம்பர் 5 அன்று இறந்தார். மறுநாள் காலை வெர்னோன் அருங்காட்சியகத்துக்குப் போய், மோனே தம் கையாலேயே கொடுத்த வட்ட வடிவ அல்லிப் படத்தைப் பார்த்துவிட்டு ரூவான் ரயிலைப் பிடிக்கலாம். ஓவியர் வாழ்ந்த ஊருக்குப் பக்கத்திலேயே அசல் ஓவியத்தைப் பார்க்கும் வாய்ப்பு இந்தப் பயணத்தில் அரிது.

ஐந்தாம் கட்டம்: ரூவான்

1892, 1893 ஆண்டுகளின் குளிர்கால இறுதியில் மோனே ரூவானுக்கு வந்து, தேவாலயத்துக்கு எதிரேயுள்ள கட்டடங்களில் மாடி அறைகளை வாடகைக்குப் பிடித்து, ஒரே முகப்பை முப்பதுக்கும் மேற்பட்ட கித்தான்களில் வரைந்தார். வெளிச்சம் மாற மாற ஒரு கித்தானை எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ஜிவெர்னிக்குத் திரும்பிய பின் நினைவிலிருந்து திருத்தி, பெரும்பாலானவற்றுக்கு 1894 என்று தேதியிட்டார். 1895இல் பாரிஸில் 20 படங்கள் ஒன்றாகக் காட்சிக்கு வந்தன.

இங்கே செய்ய வேண்டியதும் அதுவே: காலை 8 மணிக்கு ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, மாலை 6 மணிக்கு ஒருமுறை முகப்பின் முன் வந்து நில்லுங்கள். முகப்பு மேற்கு நோக்கியது. காலையில் கல் முழுதும் நிழலில் நீலம் பாய்ந்திருக்கும், பின்னாலிருந்து எழும் வெயில் கோபுர விளிம்புகளை மட்டும் தொடும். பிற்பகலில்தான் வெளிச்சம் முகப்பின் குறுக்கே வழிந்து, ஒவ்வொரு செதுக்கலும் தன் நிழலைப் பெறும். இடையில் கிடைக்கும் நேரத்தில் நுண்கலை அருங்காட்சியகத்தைப் பாருங்கள். நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணம் இல்லை. நிலக்கரி வணிகரான ஃபிரான்சுவா தெப்போ 1909இல் கொடுத்த படங்கள் இதன் இம்ப்ரெஷனிஸ்ட் அறைகளின் முதுகெலும்பு. சிஸ்லேயின் வெள்ளக் காட்சியும், சாம்பல் நிற வானிலையில் மோனே வரைந்த தேவாலயமும் இங்கே உள்ளன. பாரிஸில் பார்த்த ஐந்தோடு இந்த ஆறாவதை ஒப்பிடுங்கள். மாலையில் பாலங்களின் பக்கம் போனால், பிஸாரோ 1896இலும் 1898இலும் விடுதிச் சாளரத்திலிருந்து வரைந்த துறைமுகப் பக்கம் அது. கட்டடங்களில் பெரும்பகுதி போரில் அழிந்து மீண்டும் கட்டப்பட்டவை. ஆற்றின் அகலமும் புகைபோன்ற மழையும் மாறவில்லை.

ஆறாம் கட்டம்: லு ஆவ்ர், ஓன்ஃப்ளர்

பாரிஸில் பிறந்த மோனே சிறு வயதிலேயே குடும்பத்தோடு லு ஆவ்ருக்கு வந்து, கேலிச்சித்திரம் வரைந்து விற்றுக்கொண்டிருந்த இளைஞர். 1858 வாக்கில் அவரைத் திறந்தவெளிக்கு அழைத்துச் சென்று இயற்கையைப் பார்த்து வரையச் சொன்னவர் எழேன் பூதான். மோனே அந்தக் கடனைக் கடைசி வரை வாயாரச் சொல்லிவந்தார். பூதான் இல்லையெனில் ஜிவெர்னி இல்லை என்றே நான் கருதுகிறேன்; அதனால் இந்தக் கட்டத்தைச் சுருக்கிவிட வேண்டாம்.

1944 செப்டம்பர் குண்டுவீச்சில் லு ஆவ்ரின் நகர்மையம் முழுதும் தரைமட்டமானது. கட்டடக் கலைஞர் ஒகுஸ்த் பெரே கான்கிரீட்டில் மறுபடி கட்டிய நகரம் 2005இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. "சூரிய உதயம்" வரையப்பட்ட விடுதியும் போரில் போய்விட்டது. அந்தத் துறைமுகக் கரை இருக்கிறது. கடலின் ஏற்றவற்ற அளவு, சூரியனின் நிலை, அக்கால வானிலைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு அந்தக் காட்சி 1872 நவம்பர் 13 காலை 7.35 மணி அளவில் அமைந்திருக்கலாம் என்று வானியலாளர் ஒருவர் கணித்திருக்கிறார்.

துறைமுக வாயிலில் கண்ணாடியும் எஃகுமாக நிற்கும் மூமா அருங்காட்சியகம் 1961இல் திறக்கப்பட்டது. கடல் வெளிச்சம் அறைக்குள் வந்து படத்தின் மேல் விழும் அமைப்பு அதன் தனிச்சிறப்பு. பூதான் இறந்த பின் 1900இல் அவருடைய சகோதரர் அளித்த 200க்கும் மேற்பட்ட சிறு ஓவியங்கள் ஒரு சுவரில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன: மாடுகள், படகுகள், வானத் துண்டுகள். முடிக்கப்பட்ட பெரிய படங்களைவிட இவற்றில்தான் அவருடைய கையின் வேகம் தெரிகிறது. பருத்தி வணிகர் ஒலிவியே சென் சேர்த்த தொகுப்பை அவருடைய பேத்தி 2004இல் கொடுத்ததும், பிரான்சின் மிகப் பெரிய இம்ப்ரெஷனிஸ்ட் தொகுப்புகளுள் ஒன்றாக இது உயர்ந்தது.

ஓன்ஃப்ளருக்கு ரயில் இல்லை. லு ஆவ்ரிலிருந்து பேருந்து, 1995இல் திறக்கப்பட்ட நார்மண்டிப் பாலத்தைக் கடந்து சுமார் அரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். சன்னல் ஓர இருக்கையைப் பிடியுங்கள். நதி கழிமுகமாக விரிவது பாலத்தின் உச்சியிலிருந்து முழுதாகத் தெரியும். ஊரின் பூதான் அருங்காட்சியகத்தை 1868இல் தொடங்கியவர்களில் பூதானும் ஒருவர். அவருடைய வண்ணக்கோல் வானங்களை இங்கே தேடுங்கள். கோரோ அவரை "வானங்களின் அரசர்" என்றார். சில தாள்களில் நிலமே இல்லை, ஒரு விரல் அகலக் கடலும் அதன் மேல் மேகமும் மட்டுமே. பிறகு, கப்பல் தச்சர்கள் மரத்தாலேயே கட்டிய சேன்-கத்ரின் தேவாலயத்தையும், அதற்கு எதிரே தனியாக நிற்கும் மணிக்கூண்டையும் பாருங்கள். இளம் மோனே வரைந்த அந்தக் கூண்டின் படம் இதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடைசிக் கட்டம்: ஒராஞ்சரி

மோனேயின் பெரிய அல்லிப் பலகங்களைப் பயணத்தின் தொடக்கத்தில் பார்க்கச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. குளத்தைச் சுற்றி வந்தவருக்கே அவை முழுதாகப் பேசும். 1918 நவம்பரில் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்ட மறுநாள், பிரதமர் கிளெமன்சோவுக்கு எழுதி மோனே நாட்டுக்கு அளிக்க முன்வந்த கொடை பல ஆண்டுகளில் விரிந்து இந்த வடிவம் பெற்றது. இரண்டு நீள்வட்ட அறைகள், எட்டுப் படைப்புகள், ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். ஓவியர் இறந்த மறுவருடம், 1927இல் திறக்கப்பட்டன. 2006இல் முடிந்த சீரமைப்பு, மறைக்கப்பட்டிருந்த கூரை வெளிச்சத்தை மீட்டுத் தந்தது. ஆகவே வெயிலும் மேகமும் மாறி மாறி வரும் நாளில் போனால், உட்கார்ந்திருக்கும்போதே ஓவியத்தின் நிறம் மாறும். முதல் நுழைவு நேரத்தை முன்பதிவு செய்து, இரண்டாவது அறைக்கு முதலில் போங்கள். வில்லோ மரத்தடிகள் வரும் அந்த அறையில் ஆரம்பத்தில் ஆள் குறைவு.

நாட்கள் குறைவாக இருந்தால்

நான்கு நாட்கள்தான் கிடைக்கும் என்றால் ஓர்சே, ஜிவெர்னி, ரூவான், ஒராஞ்சரி ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடலாம். ஆறு நாட்கள் இருந்தால் லு ஆவ்ரையும் ஓன்ஃப்ளரையும் சேருங்கள். அர்ஜாந்தேயை முதலில் வெட்டலாம், அடுத்து ஷாத்துவை. வான் கோவுக்காகவே வருபவர்கள் ஓவேரை எக்காரணம் கொண்டும் பாதி நாளாகச் சுருக்க வேண்டாம்; விடுதி, தோபின்யி வீடு, தேவாலயம், வயல், இடுகாடு ஆகிய ஐந்தையும் நடந்தே பார்க்க காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணி வரை தேவைப்படும். முதியவர்களோடு செல்பவர்கள் விடுதியின் செங்குத்தான மாடிப்படியையும் இடுகாட்டு ஏற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மிதிவண்டியில் முழு வழியையும் கடக்க விரும்புபவர்களுக்குப் பாரிஸிலிருந்து கடல் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் குறியீடுகளோடு அமைந்த செய்ன் மிதிவண்டித் தடம் இருக்கிறது. அதில் வெர்னோனுக்கும் ரூவானுக்கும் இடையிலான பகுதி மட்டும் இரண்டு மூன்று நாட்களுக்குப் போதும்.